பாவு தாண்டாத படை

ஃபோனில் ஆடுகிற யுத்த விளையாட்டுகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றிலெல்லாம் சிறந்தது நான் யோசித்ததுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மிச்ச எழுத்துகளைக் கடை போர்டுகளிலும் பஸ் போர்டுகளிலும் நானே பொறுக்கிக்கொண்டேன். இன்றைக்கு ஆரணியில் என்னிடம் பட்டு வாங்கி நெய்கிற தறிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பெரிய படிப்புப் படித்தவர்கள் என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்கிறார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு விளையாட்டு யோசிக்க வராதா?

என் ஒரே மகளைப் பெண் பார்க்க வந்த அன்று இது ஆரம்பித்தது. பையன் வீட்டார் வந்தவாசியில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஜனம்தான், ஆனால் தறியை விட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அப்பா, அம்மா, தாய்மாமனோடு வந்திருந்தான். சென்னையில் என்ன வேலை என்று கேட்டேன். வீடியோ கேம் செய்கிறேன் என்றான்.

"ஆடுறதுக்கா தம்பி சம்பளம் குடுக்குறாங்க?"

"ஆடுறதுக்கு இல்ல மாமா, செய்றதுக்கு" என்று ஃபோனை எடுத்துக் காட்டினான். ஒருவன் துப்பாக்கியோடு ஓடுகிறான், சுடுகிறான், சுடப்பட்டு விழுகிறான். விழுந்தவன் அடுத்த நிமிஷம் எழுந்து மறுபடி ஓடுகிறான்.

"இவன் செத்துட்டானே?"

"இது அடுத்த லைஃப் மாமா."

"வீட்ல இன்னா சொன்னாங்க?"

"யார் வீட்ல?"

"செத்தவன் வீட்லதான்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சிப்பாய் இவ்வளவு நேரம் சுட்டும் ஒரு வாய் டிபன் சாப்பிடவில்லை. யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்று கேட்டால் பையனுக்கே தெரியவில்லை. ரெண்டு டீம் மாமா என்கிறான். சரி, சண்டை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நானே சொல்லிவிடலாம் என்று, சொஜ்ஜித் தட்டை ஆரணியாகவும் ஒரு பஜ்ஜியைப் போளூராகவும் வைத்து, நடுவில் தேவிகாபுரத்துக்கு ஒரு டம்ளரைக் கவிழ்த்தேன்.

முதலில் காரணம். தேவிகாபுரம் திருவிழாவில் ஆரணி ராஜாவுக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தைப் போளூர் ராஜாவுக்குக் கட்டிவிட்டார்கள். ஆரணியில் கூச்சல். அதைக் கேட்டுப் போளூர்ப் படை கிளம்புகிறது. இது போதும், இதற்கு மேல் காரணம் இருந்தால் அது சண்டை இல்லை, கோர்ட்டு கேஸ். படை நடந்தே வர வேண்டும். நிஜத்தில் எவ்வளவு நேரமோ ஃபோனிலும் அவ்வளவு நேரம். வழியில் சமையல். அரிசி ஊறாமல் மாவு ஆட்டக் கூடாது. ராகு காலத்தில் கத்தி உறையை விட்டு வராது. ஆடி மாதம் முழுக்க லீவு. சிப்பாய் செத்தால் ஆடுகிறவன் அந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்க வேண்டும், ஒரு வீடு விடாமல். ஆடுகிறவனே செத்துவிட்டால் ஃபோன் அணைந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் மறுபடி எரியும்.

"நடுவுல அவசரமா யாருக்காவது ஃபோன் பண்ணணும்னா மாமா?"

"செத்தவன் எப்படிப்பா ஃபோன் பண்ணுவான்?"

இந்த இடத்தில் தாய்மாமன் கவனிக்காமல் போளூரைத் தின்றுவிட்டார். நான் வேறு பஜ்ஜி வைத்துத் தொடர்ந்தேன்.

கடைசி விதிதான் எனக்குப் பெருமை. படை ஆரணிக்குள் நுழைந்து நெசவுத் தெருவுக்கு வரும்போது விடிகாலை. தெருவில் பாவு நீட்டியிருக்கிறது. புடவையின் நீளத்துக்கு ஓடுகிற நூலைப் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, சிக்கு எடுத்து, அறுந்த இழைகளைச் சேர்த்துச் சுற்றுவார்கள். அது முடிகிற வரை எந்தப் பெரிய மனிதன் வந்தாலும் வண்டி நிற்கும். ஆகவே படையும் நிற்க வேண்டும். யானை, குதிரை, ராஜா, எல்லாம்.

"அப்ப ஆடுறவங்க இன்னா மாமா பண்ணுவாங்க?"

"காத்துகினு இருப்பாங்க."

"சும்மாவா?"

"சும்மா இருக்க முடியலன்னா அறுந்த இழைய எடுத்துச் சேக்கட்டும்."

உள்ளே கதவுக்குப் பின்னால் என் மகள் சிரித்தது கேட்டது. பையனுக்கும் கேட்டது, அவன் காது சிவந்தது. அந்த உற்சாகத்தில் நான் சொல்லிவிட்டேன்: "இத செஞ்சி எடுத்துகினு வாங்க தம்பி. அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்."

அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் என் வீட்டுக்காரி ஆரம்பித்தாள். "பொண்ணக் குடுக்கச் சொன்னா பொம்மைக் கட வெக்கிறீங்களே! சொன்னத வாபஸ் வாங்குங்க."

எப்படி வாங்குவது? பஜாரில் எனக்குப் பேச்சு மாறாதவன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் நான் கடையே வைத்தேன்.

என் மகள் சத்தம் போடவில்லை. எதிரில் வந்து நின்றாள். "ப்பா, எனக்கு அவரப் புடிச்சிருக்குது. நீ பாட்டுக்கு யானை குதிரைன்னு பேசி இதக் கெடுத்துடாத" என்றாள். அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அன்றைய ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் மறுநாள் பையனுக்கு ஃபோன் போட்டு, யானைக்குக் கரும்பு மறந்துவிடாதே என்று சொன்னேன்.

சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "ஆபீஸ்ல காமிச்சேன் மாமா. இத ஆடுறதுக்கு ஒரு ஆளும் வரமாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

"வரலன்னா நல்லதுதானே? ஆள் வந்தாதானே சண்டை நடக்கும்."

அப்புறம், "என்னால எவ்ளோ முடியுதோ அவ்ளோ செஞ்சி எடுத்துகினு வரேன்" என்றான். புரோகிதர் ஒரு காலைவேளையைக் குறித்துக் கொடுத்தார். ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிவிட வேண்டும்.

அதே காலையில் எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் என் மகளின் கல்யாணப் புடவைக்குப் பாவு நீட்டச் சொல்லியிருந்தேன். "சம்பந்தி வர்ற அன்னிக்கேவா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். நல்ல நேரம் என்றால் எல்லாவற்றுக்கும் நல்ல நேரம்தான். அதைப் பிரித்துப் பார்க்கிற ஆள் நானில்லை.

எங்கள் தெரு ஒரு பக்கம் கோயில் மதிலில் முட்டி நிற்கும். மறு முனையில் அப்போது குழாய் போடப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பள்ளத்தின் மேல் பலகை எதிர்ச்சாரியில் மட்டும்தான். பையன் வீட்டார் அந்தப் பலகை வழியாக வரிசைத் தட்டுகளோடு இறங்கி வந்து, என் வீட்டுக்கு நேர் எதிரே நின்றார்கள். நடுவில் மதிலிலிருந்து பள்ளம் வரைக்கும் அரக்குச் சிவப்பில் பாவு. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். குனிந்து நுழைந்தால் வரலாம். சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வலி. அப்படியே இல்லாவிட்டாலும் சம்பந்தியைத் தவழ்ந்து வா என்று யார் சொல்வது?

"இன்னாங்க இது! பொண்ணு குடுக்குற வீடா, ரயில்வே கேட்டா?" என்றார் தாய்மாமன். "நூலத் தூக்குங்கய்யா, பூந்து வரோம்."

"தூக்கினா அறுந்துடுங்க" என்றார் தறிக்காரர், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யோவ், ஜல்தி சுத்துய்யா" என்றேன் நான்.

"ஜல்தி பண்ணா அறுந்து நாளைக்கு ஆயிடும் மொதலாளி. இப்பதான் பாதி."

புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. "நான் போளூர சாப்ட்டதுக்கா இந்த தண்டன?" என்று தாய்மாமன் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். சம்பந்தியும் பலகைப் பக்கம் ஒரு அடி வைத்தார். வாசலில் பட்டுப் புடவையில் நின்ற என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அறுந்தால் அறுந்து போகட்டும், வேறு பாவு போட்டுக்கொள்ளலாம் என்று நூலில் கை வைத்துவிட்டேன்.

"மாமா!" பையன் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். "உங்க வெளையாட்டுல இன்னா விதி?"

தெருவே என்னைப் பார்த்தது. கையை எடுத்தேன்.

"காத்துகினு இருக்கணும்" என்றேன்.

"அப்ப இருக்கலாம். அம்மா, உக்காரு." எதிர்வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், காபி வந்தது. தாய்மாமனும் ஒரு காபிக்காக நின்றார். பையன் பாவின் மேல் குனிந்து அறுந்த இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டு விழித்தான். என் மகள் இறங்கி வந்து இந்தப் பக்கம் குனிந்தாள்.

"முடிச்சு போடாதீங்க. ரெண்டு நுனியும் சேத்து முறுக்குங்க."

"இப்டியா?"

"அது கயிறு திரிக்கிறது. மெதுவா."

மூன்று முறை அறுத்தான். அவள் ஒரு முறையும் திட்டவில்லை. என்னை அவள் அவ்வளவு பொறுமையோடு நடத்தியது கிடையாது.

புரோகிதர் தொண்டையைச் செருமினார். "பாவுக்கு மேலயே தட்ட மாத்திடுங்க, டைம் ஆவுது."

"குங்குமத்த எடுத்துட்டு மாத்துங்க" என்றார் தறிக்காரர். "ஒரு பொட்டு விழுந்தாலும் புடவ நாசம்."

"குங்குமம் இல்லாத தட்டா!" என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். இரண்டு குடும்பங்களும் முதலில் ஒத்துப்போனது அதில்தான். கடைசியில் தறிக்காரர் தன் வேட்டியை, உள்ளே டிராயர் இருந்ததால், அவிழ்த்துப் பாவின் மேல் விரித்துக்கொடுத்தார்.

சம்பந்தி தட்டை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. என் வீட்டுக்காரி முதுகில் கிள்ளினாள். பையன் புரிந்துகொண்டு ஃபோனை வேட்டிக்கு மேலாக நீட்டினான்.

பார்த்தேன். ஒரு தெரு, நடுவில் பாவு, முன்னால் ஒரே ஒரு சிப்பாய். யானை இல்லை, ராஜா இல்லை. சிப்பாய் அசையவில்லை.

"இன்னா பண்றான்?"

"காத்துகினு இருக்கான் மாமா. என்னால அதான் செய்ய முடிஞ்சது."

"சாப்டானா?"

"தேவிகாபுரத்துலயே சாப்ட்டுதான் வந்தான்."

தட்டை வாங்கிக்கொண்டேன். "வாங்க மாப்ள" என்றேன். "பாவு சுத்தினதும் வாங்க."

கல்யாணம் முடிந்து மகள் சென்னையில் இருக்கிறாள். அந்தச் சிப்பாய் என் ஃபோனில்தான் இருக்கிறான். கடை திறந்ததும் முதலில் அவனைத்தான் பார்ப்பேன். இப்படி ஒரு விளையாட்டு இந்த ஜில்லாவில் வேறு எவனிடமும் கிடையாது. மகள் ஃபோன் பண்ணினால் அதில் மணி அடிக்கும்போதும் அவன் நகர்வதில்லை.

"தாண்டிட்டானாப்பா?" என்று கேட்பாள்.

"இன்னும் இல்லம்மா. ஒரு இழை அறுந்து நிக்குது. கண்ணாடி மேல விரல வெச்சா முறுக்க வரல. உன் வூட்டுக்காரரண்ட சொல்லி அத சரி பண்ணச் சொல்லு."

"சொல்லிட்டேன்ப்பா. ஆடி லீவு முடியட்டும்னு சொல்றாரு."