கடதாசியில் ஓர் இளம் நகரம்

யூலை மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டைவிட்டு இறங்கியபோது சட்டைப்பையில் நாலாய் மடித்த கடதாசி ஒன்று இருந்தது. எல்லைக்கு அப்பால், நியூயோர்க் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றின் விவரம்: எத்தனை பேர், என்ன வயது, என்ன வருமானம், எத்தனை வீடுகள் வாடகைக்கு. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் என் மனைவி வாசுகிக்குத் தாதி வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். அவளுக்கு விடுமுறை இல்லை. ஆகவே ஊர் பார்க்கும் பொறுப்பு என் தலையில்.

“வடிவாப் பாத்துக்கொண்டு வாங்கோ. ஆக்கள் இருக்கிற ஊரோ எண்டு பாருங்கோ” என்றாள்.

ஆட்கள் இருப்பதாகக் கடதாசி சொன்னது. அதுவும் பெரும்பாலும் இளைஞர்கள், வருமானம் குறைந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள். மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். அதில் சத்தம் அதிகம்.

பத்து மணிப் பேருந்து, டிக்கெட் முப்பத்தெட்டு டொலர். நூறு கிலோமீற்றர் தூரம். எல்லை தாண்டியதும் அதுவே அறுபது மைலாகிவிடுகிறது. எதற்குப் போகிறாய் என்று எல்லை அதிகாரி கேட்டார். ஊர் பார்க்க என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த ஊரையா?”

பன்னிரண்டரைக்கு இறங்கினேன். பிரதான வீதியில் ஈ காக்கை இல்லை. பீட்சாக் கடை பூட்டு. மூன்று மாடி வாடகை வீடுகள் வரிசையாக நின்றன, ஒரு யன்னலிலும் திரையில்லை. கோப்பிக் கடையில் மூன்றேகால் டொலர் கொடுத்துக் குந்தினேன். அங்கிருந்தவர்களில் நான்தான் இளையவன், எனக்கே பாதித் தலை நரை. என்ன கோதாரி இது என்று எதிரே தபாற்கந்தோர்ப் பலகையிலிருந்த பெயரைக் கடதாசியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே ஊர்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன டாக்சிக்காரரிடம் கடதாசியைக் காட்டினேன். சிரித்தார்.

“கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். இளைஞர்களும் அவர்கள்தான், சம்பளமில்லாதவர்களும் அவர்கள்தான். கோடை விடுமுறைக்குப் போய்விட்டார்கள். செப்டம்பரில் வா, நடக்க இடமிருக்காது.”

“அப்படியானால் எது உண்மையான ஊர்?”

“இங்கேயே பிறந்தவன் நான். எனக்கே தெரியாது.”

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பூச்செடி வைத்த சின்ன வீடுகள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கையசைத்தார். பிடித்தது. வெறும் வீதியை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

மாலை ஏழரைக்கு வீடு திரும்பினேன். வாசுகி வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் காத்திருந்தாள்.

“ஊர் எப்பிடி?”

“தெரியேல்லை.”

“ஒரு முழுநாள் போய்வந்தும் தெரியேல்லையோ?”

டாக்சிக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் போனில் எதையோ தேடி வாசித்தாள்: இளைஞர்கள் அதிகம், மாணவர்கள் அதிகம், வருமானம் குறைவு, முக்கால்வாசி வாடகை வீடு.

“அதுதானே நானும் வாசிச்சனான்.”

“இது எங்கட கோட்-டெ-நெய்ஜ்.”

பத்தொன்பது வருடங்களுக்கு முன் எந்தக் கடதாசியும் பார்க்காமல் இந்தத் தெருவில் வந்திறங்கினோம்.

“இதை வாசிச்சிருந்தா வந்திருப்பமோ?” என்று கேட்டாள்.

“மாட்டம்.”

வாசுகி தலையாட்டிவிட்டு, வேலைக் கடிதத்தை மேசையில் விரித்துப் பேனை தேடினாள். எனக்குக் குழப்பம் தீரவில்லை, இப்போதும் தீரவில்லை. ஆனாலும் எழுந்துபோய், கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டேன்.