மாம்பால் வாடை அடித்த தூண்டில்

என் தூண்டிலில் மீன் வாடை அடித்ததே இல்லை, மாங்காய்க் காம்பில் வடிகிற மாம்பால் வாடைதான் அடிக்கும். மாங்காய் பறிக்கிற "தொரட்டி"க் கோல் ஒரு நாள் முறிந்துபோக, அதன் அடித்துண்டை என் அப்பா கத்தியால் சீவி, முனையில் மொத்தமான தூண்டில் நரம்பைக் கட்டி, "இது உன் கல்யாணம் வரைக்கும் வரும்" என்று என் கையில் கொடுத்தார். அவர் ஆசையாகச் செய்து கொடுத்ததுதான், ஆனால் ஒரு கையால் தூக்க முடியாது.

சிங்காரப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் வலை போடுகிற உரிமை ஏலம் எடுத்தவருக்கு மட்டும்தான், தூண்டில் போடுகிற பிள்ளைகளை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மழை நின்று தண்ணீர் தெளிகிற கார்த்திகையில் நானும் மாதம்மாவும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவள் என் பெரியப்பா மகள், ஒரு வயது மூத்தவள், ஆனாலும் அவளை அக்கா என்று நான் கூப்பிட்டதில்லை.

அவளுடைய கோலைப் பார்க்க வேண்டும். ஊத்தங்கரையில் தையற்கடை வைத்திருந்த பெரியப்பா, சுண்டுவிரல் கனத்தில் காய்ந்த மூங்கில் நுனி ஒன்றைத் தேடிப் பிடித்து, அடியில் நூல் தீர்ந்த கட்டை உருளை ஒன்றை ஆணி அடித்துக் கொடுத்திருந்தார். நரம்பு அந்த உருளையில் சுற்றிக்கொண்டு வரும்போது "கிர்ர் கிர்ர்" என்று சத்தம் கேட்கும், எனக்கு வயிறு எரியும். கெண்டை மீனுக்கு வாய் சின்னது, புழுவின் ஓரத்தை லேசாகக் கிள்ளிப் பார்க்கும், அந்தக் கிள்ளல் அவள் கோலில் ஓடி மணிக்கட்டுக்கு வந்துவிடும். என் கோலிலோ புழு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் எனக்கே தெரியும், அப்படியே தெரிந்து இழுத்தாலும் அந்தக் கனத்துக்கு மீனின் உதடு கிழிந்து வெறும் தூண்டில் முள்தான் மேலே வரும்.

"இந்தா புள்ள, இன்னிக்கி என்னுத வச்சிக்கோ" என்று அவள் ஒரு நாள் நீட்டினாள்.

"வேணாம் போ. நான் விராலுக்குப் போட்டிருக்கேன்" என்றேன்.

விரால் வரவே இல்லை. பொழுது சாயும்போது அவள் கெண்டைகளைக் கோரைப்புல்லில் கோத்து, பாதியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பாள். அப்பா முள் எடுத்து நிதானமாகத் தின்றுவிட்டு, "பொண்ணுன்னா மாதம்மா மாதிரி இருக்கணும்" என்பார். கோல் செய்து கொடுத்தவரும் அவர்தான், அந்தச் சொல்லை என் தட்டுக்கு நேராக வைத்து அவளுக்குக் கொடுத்தவரும் அவர்தான். நான் வெறும் ரசத்தை ஊற்றிக்கொள்வேன்.

இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன், அவன் கம்பெனிக்குப் போன பிறகு எனக்கு வேலை கிடையாது. போன மாதம் நானே ஒரு மீன் சாமான் கடைக்குப் போனேன்.

"மொம்மகனுக்கா அஜ்ஜி? இத எடுங்க, பத்து கிலோ மீன் வந்தாலும் ஒடியாது" என்று கன்னடம் கலந்து சொன்னான் கடைக்காரன், பேரனுக்கு வாங்க வந்த பாட்டி என்று நினைத்து.

"எனக்குத்தான். பத்து கிலோ மீன வச்சிகினு நான் என்னா பண்றது? வெரல் நீளக் கெண்டைக்குக் குடு."

சிரித்துக்கொண்டே உள்ளே போய் மெல்லிய கோல்களாக எடுத்து வந்தான். ஒவ்வொன்றின் நுனியையும் அவனை விரலால் தட்டச் சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன், எந்தக் கோலில் அந்தத் தட்டு உள்ளங்கைக்கு வந்து சேர்ந்ததோ அதை எடுத்தேன். ரீலிலும் இருப்பதிலேயே சின்னது, ஏனென்றால் ரீல் கனத்தால் கை அந்தப் பக்கமே சாய்ந்துவிடும், மீன் கிள்ளுவது தெரியாது. சுற்றிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நேராக ஊரில் இருக்கிற மாதம்மாவிடம்தான் போனேன். ஏரியில் பாதி சீமைக் கருவேலம், மீதியில் தண்ணீர் இருந்தது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் ஒரு சட்டி நிறையக் கெண்டை பிடித்தேன். குழம்பு வைத்து எனக்குப் போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"விராலு எங்க கோயிந்தி?" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள், "உங்கப்பன் மட்டும் இன்னிக்கி இருந்திருந்தா" என்று இழுத்தாள். நான் கையில் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இப்பவும் என்ன மாதிரி இருக்கணும்னுதான் சொல்லியிருப்பாரு. கொழம்பு வச்சது நான்தான?"

திரும்பி வருகிற பஸ்ஸில் தூண்டில் மடியில் இருக்கிறதே தெரியாமல் கிடந்தது. அப்பா காய் பறித்த தோப்பு வருகிற இடத்தில் எட்டிப் பார்த்தேன், கல் நட்ட வீட்டு மனைகள்தான் இருந்தன. மாதம்மாவிடம் அப்பாவின் அந்தச் சொல் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அதைச் சொல்ல வேண்டியவர்தான் இல்லை.