மாதா பெயர் எழுதிய வண்டி

அம்மா கர்த்தரிடம் சென்று இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அம்மாவை ஒவ்வொரு விதமாக அறிவீர்கள். நான் அறிந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது குலசேகரத்துக்கு அருகில். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததில்லை. கல்யாணத்துக்குப் பின் கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. அப்பா இளவயதிலேயே மரித்தார். அந்த வேலையைக் கொண்டே அம்மா என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்று எல்லாரிடமும் சொல்வார். நானும் சொல்லிக்கொள்வேன்.

சுனாமி வந்த வாரம், எங்கள் சபைப் பெண்களோடு அம்மா கடியப்பட்டணத்து முகாமுக்குப் போனார். கடற்கரை மக்களுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று எண்ணி, வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் குழம்பு வைத்துக் கொண்டுபோனார். அங்கே, பின்னாளில் நான் மேரி சித்தி என்று அழைத்த மீன் வியாபாரி, கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர், தட்டைத் தள்ளி வைத்தார்.

"எங்க ஆளுவள கடலு கொண்டு போச்சு. அதுல உள்ளத எப்பிடிக்கா திங்க?"

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. "கேக்காம செஞ்சுட்டேன் மக்கா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வெறுங்கையோடு போய், என்ன வேண்டும் என்று கேட்டார். பாலில்லாத கட்டன்சாயா போதும் என்றார்கள். அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு வாராவாரம் போனார்.

அடுத்த ஆண்டு, எங்கள் சபையோடு சேர்ந்து ஊழியம் செய்யும் வெளிநாட்டுச் சபை ஒன்று அந்தப் பெண்களுக்கு உதவ முன்வந்தது. எங்கள் கமிட்டி தையல் மெஷின் என்று முடிவு செய்யவிருந்தது. அவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மா தடுத்தார். அவர்கள் கேட்டது, மலையோர ஊர்களுக்கு மீன் கொண்டுபோய் விற்க ஒரு வண்டி.

வண்டி வந்தது. ஒப்படைக்கும் நாளில் சிக்கலும் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மையார், இரு சபைகளின் பெயரும் பொறித்த தகடு கொண்டுவந்திருந்தார். கத்தோலிக்கரான கடற்கரைப் பெண்களோ, படகுக்கு எழுதுவதுபோல, வண்டியின் நெற்றியில் முந்தின நாளே மாதாவின் பெயரை எழுதிவிட்டார்கள். எங்கள் சபையில் மாதா வணக்கம் கிடையாது. அதை அழித்தால்தான் சாவி என்றார் எங்கள் கமிட்டிப் பெரியவர். அப்படியானால் வண்டியே வேண்டாம் என்று மேரி சித்தி திரும்பி நடந்தார்.

பெரியவர் அம்மாவிடம், "கடப்பொறம் போயிப் போயி நீயும் ஜெபமாலை உருட்டத் தொடங்கியாச்சா?" என்றார்.

"நான் நம்ம கோயிலுக்குத்தான் வாறேன் ஐயா. வண்டி அவியளுக்குன்னுதானே ஜெபிச்சோம்? வண்டியக் குடுத்துட்டுப் பேர மட்டும் நம்ம வச்சுக்கிட்டா, அது குடுத்ததாவுமா?"

என்ன பேசுகிறார்கள் என்று அம்மையார் என்னிடம் கேட்டார். சபைக்குள் உள்ள சண்டையைச் சொல்ல வெட்கப்பட்டு, பெயின்ட் இன்னும் காயவில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

"நான் சொன்னத அப்பிடியே சொல்லு மக்கா. இதுக்குத்தானே படிச்சே?"

சொன்னேன். என் படிப்பை நினைத்து அன்று போல நான் பெருமைப்பட்டதில்லை. அம்மையார் தகட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மேரி சித்தியின் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டார். அதையும் நானே தமிழில் சொன்னேன். சாவியைப் பெரியவர் கையாலேயே கொடுக்கச் சொன்னார் அம்மா. அவரும் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அதன் பிறகு சபையில் சிலர் மாதக்கணக்கில் அம்மாவிடம் பேசவில்லை. அம்மா ஒரு ஞாயிறு ஆராதனையையும் தவறவிடவில்லை.

நோயின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த மேரி சித்திக்கும் கடியப்பட்டணத்துப் பெண்களுக்கும், கடல் கடந்து கடிதம் எழுதிய அம்மையாருக்கும், அடக்க ஆராதனையில் எங்களைத் தாங்கிய சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கமிட்டிப் பெரியவருக்குத் தனியாக ஒரு நன்றி. சபை இப்போது மலையிலுள்ள காணிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அவர்கள் பதில் வரும்வரை எந்தத் திட்டமும் போடுவதில்லை என்று போன மாதம் தீர்மானம் கொண்டுவந்தவர் அந்தப் பெரியவர்தான். இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறோம்.