கூட்டாளி இழுத்த கால்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நிலாவெளி உப்பளம், மன்னார் மீன்வாடி, ஒரு பேக்கரி என்று சுற்றிவிட்டுத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தேன். அடுத்த வருடமே வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு பருத்தது. கொழும்பில் வெட்டித் திறந்து, எலும்புக்குள் வளர்ந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஒரு துண்டை வெட்டி அந்தக் குழியை அடைத்தார்கள்.

"திரும்பவும் வரலாம். வந்தால் அண்டைக்கே வாரும்," என்றார் டொக்டர். "எலும்பு உடையாமல் இருந்தால் காலைக் காப்பாத்தலாம். உடைஞ்சால் ஏலாது."

ஒன்றரை வருடத்தில் வீக்கம் திரும்பி வந்தது. நான் போகவில்லை. அடுத்த கட்டில்காரனின் அறுத்த காலை அங்கே ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டிருந்தேன்.

துறைமுகத்தில் எங்களுக்கென்று ஒரு வைத்தியம் இருந்தது. மூட்டு விலகினவனை, கப்பலைக் கயிற்றால் கட்டும் இரும்பு முளையோடு அக்குளில் கயிறு போட்டுக் கட்டுவார்கள். கணுக்காலில் இன்னொரு கயிறு மாட்டி இரண்டு பேர் இழுப்பார்கள். அவன் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். இழுப்பதில் கெட்டிக்காரன் கிண்ணியாவிலிருந்து வரும் என் கூட்டாளி. ஒருநாள் அவன் என் வீக்கத்தைக் கண்டு தடவிப் பார்த்தான்.

"எலும்பு இடம் மாறி நிக்குது மச்சான். விழுந்தியா?"

"ஓம். பலகையில சறுக்கினனான்."

"கொழும்பில வெட்டினது இதைத்தானே?"

"அது ஆறிட்டுது. இது வேற."

என்னைக் கட்டினார்கள். அவன் ஒரு காலை முளையில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். காய்ந்த கொப்பு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. பாதம் பக்கவாட்டில் திரும்பி நிலத்தைப் பார்த்தது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தது. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவனின் வாயில் என் பலமெல்லாம் சேர்த்துக் குத்தினேன். அவனுடைய முன்பல் ஒன்று என் விரல் மூட்டில் ஏறி நின்றது.

"ஆர் இழுத்தது?" என்று கணுக்காலில் கயிற்றுத் தடத்தைப் பார்த்துவிட்டுக் கொழும்பில் டொக்டர் கேட்டார்.

"விழுந்தனான்."

"பொய்," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் முழங்காலுக்கு மேலே அறுத்தார்கள்.

அன்புவழிபுரத்தில் அக்கா வீட்டில் கிடந்தேன். மீதித் தொடையின் நுனியைத் தினமும் அடித்து மரக்கச் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதலில் மடித்த சாக்கால், பிறகு மணல் பையால், கடைசியில் பலகையால். தோல் தடித்தால்தான் மரக்கால் பூட்டுவார்கள். இரண்டு அடிக்கு மேல் அடிக்க என் கை எழவில்லை. வாந்திதான் வந்தது. அக்கா சாக்கைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள்.

மூன்றாம் வாரம் கூட்டாளி பாதைப் படகில் கடல் தாண்டி ஒரு சட்டி தயிரோடு வந்து வேலிப் படலையடியில் நின்றான்.

"கட்டி எண்டு சொல்லியிருந்தா நான் கயிறைத் தொட்டிருக்க மாட்டன். ஏன்டா சொல்லேல்ல?"

"பயம்."

அவன் தயிர்ச் சட்டியை இறக்கி வைத்தான். நான் சாக்கை எடுத்து அவன் பக்கம் எறிந்தேன்.

"அடி."

"ஏலாது மச்சான். ஒருக்காச் செய்ததே போதும்."

"மூட்டைக்கு மட்டும்தானோ உன்ர கை பெலம்? உன்ர பல்லை உடைச்சவன் நான். அடிடா."

அடித்தான். நான் அவன் பரம்பரையையே திட்டினேன். அவனும் விடாமல் என்னுடையதைத் திட்டிக்கொண்டே அடித்தான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, கொல்லுறானோ?"

"இல்லை அண்ணை, மருந்து கட்டுறார்," என்றாள் அக்கா.

வேலையில்லாத நாளெல்லாம் வந்தான். சாக்கு மணல் பையாகி, பையும் பலகையானபோது எனக்கு நோகவில்லை. மரக்கால் பூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். கிழிந்த சாக்குகளைத் தைக்கும் வேலை கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு பகல், மரக்காலைக் கழற்றித் துடைக்கும்போது தொடை நுனிக்குள் கொட்டைப்பாக்களவில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. ஊசியைச் சாக்கில் குத்திவிட்டுக் கூட்டாளியைக் கூப்பிட்டேன்.

"திரும்ப வந்திட்டுது."

முதுகிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு வந்தான். கையை நீட்டியவன், தொடாமலே இழுத்துக்கொண்டான்.

"காலைப் பூட்டு. இப்ப பஸ் இருக்கு."

கொழும்பில் இன்னும் நாலு விரல்கடை அறுத்தார்கள். ஊருக்கு வந்து புண் ஆறியதும், சாக்கிலிருந்து மறுபடி தொடங்கினோம்.