வந்து சேராத குளிசை

மாதாவோடு சண்டை பிடித்தவள் நான். அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, தவக்காலம். குருநகரில் எங்கள் வீட்டில் என் மனுசன் பாயோடு பாயாகக் கிடந்தார். கடலுக்குப் போகிறவர். முழங்கால் வாதத்தால் வள்ளத்தில் ஏற முடியாமல் இருந்தவரை, கொழும்பிலிருந்து வந்த வீக்கத்தை வற்றச் செய்யும் ஒரு குளிசைதான் நடக்க வைத்தது. மாதக்கணக்காக விழுங்கினார். பிறகு காய்ச்சல் வந்தது. தொண்டையெல்லாம் புண். பல் முரசால் இரத்தம் கசிந்தது. எச்சில் விழுங்கவே அழுதார்.

அந்த நேரம் பார்த்துக் குளிசையும் முடிந்தது. அதில்லாமல்தான் இப்படி ஆகிறது என்று நம்பினேன். கொழும்புக்குப் போயிருந்த என் தம்பிக்கு, அதை வாங்கி வரும்படி ஆள்மூலம் சொல்லிவிட்டேன். அவன் வரும்வரை முழந்தாளில் நின்று அந்தக் குளிசையை மட்டுமே மாதாவிடம் கேட்டேன்.

தம்பி கிளாலிக் கடலால் வள்ளமேறி வந்தான். வெறுங்கை. வழியில் ஆமிக்காரர் சோதனையில் மருந்தைப் பறித்துவிட்டார்களாம். நான் மாதா சிலையடியில் எரிந்த மெழுகுதிரியை ஊதி நூர்த்தேன். உனக்குக் கண் இல்லையோ என்று சுரூபத்தைப் பார்த்துக் கத்தினேன். படுபாவி, அப்படித்தான் கத்தினேன்.

வேறு வழியில்லை. அவரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தத்தைச் சோதித்த டொக்டர் குளிசையின் வெறும் மட்டையை வாங்கிப் பார்த்தார்.

"உந்தக் குளிசையாலைதான் அம்மா இவரின்ரை இரத்தம் கெட்டது. கிருமியோடை சண்டை பிடிக்கிற வெள்ளை அணு இல்லையெண்டே சொல்லலாம். எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"நிப்பாட்டேல்லை ஐயா. கிடைக்கேல்லை."

"கிடைச்சிருந்தா ஆள் தப்பியிராது."

பிழைப்பார் என்று இப்போதும் உறுதி சொல்லமாட்டேன் என்றார் டொக்டர். ஊசி மருந்துக்கும் தட்டுப்பாடு. காய்ச்சல் இறங்கும், திரும்ப ஏறும். கட்டிலடியில் இருந்த எனக்கு, இன்னது வேண்டுமென்று கேட்கவே பயமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது தாயே, உனக்குத் தெரியும் என்று மட்டும் அழுதேன்.

பெரிய வியாழன் காலை, ஒரு மிடறு கஞ்சி தொண்டையால் இறங்கியது.

"உப்புக் காணாது" என்றார்.

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க நான் வாய்விட்டு அழுதேன்.

அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார். மழைக்கு முழங்கால் வீங்கினால் முனகிக்கொண்டே கிடப்பார். முன்பு அது எனக்கு எரிச்சல். இப்போது முனகல் நின்றால்தான் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

கேட்டது கிடைக்கவில்லை என்று குமுறுகிற சகோதரங்களே, கத்த வேண்டுமென்றால் கத்துங்கள். தாய்தானே, தாங்குவாள். திரியை மட்டும் நூர்த்துவிடாதீர்கள்.