வேலுத்தாயின் நாற்பது பெட்டிகள்

"ஐ வில் வெயிட் ஃபார் த பஸ்" என்று வேலுத்தாய் எதிரே நிற்கிற வேப்பமரத்திடம் சொல்கிறார். காலை ஏழே கால் மணி. பக்கத்தில் நிற்கிற யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. பஸ்ஸின் முகம் தெரிந்ததும் "ஐ வில் கெட் ஆன்." ஏறியாகிவிட்டது. கண்டக்டர் மணிகண்டபிரபு வேண்டுமென்றே கேட்பார், "எக்கா, எங்கன இறங்கணும்?" வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இறங்குகிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? "ஐ வில் கெட் ஆஃப் அட் தீப்பெட்டி ஆபீஸ்." பஸ்ஸே சிரிக்கும். அதில் பெரிய சிரிப்பு வேலுத்தாயுடையதுதான்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்றால் மின்விசிறியும் மேஜையும் போட்ட ஆபீஸ் இல்லை, தீப்பெட்டித் தொழிற்சாலை. நாற்பத்திரண்டு வயது வேலுத்தாய்க்கு அங்கே இருபத்திரண்டு வருஷமாக அடைப்பு வேலை. அடிப்பெட்டியில் குச்சியை வைத்து, பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் அது மேல்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். தள்ளித் தள்ளி அந்த விரல் சும்மா இருக்க மறந்துவிட்டது. வேலுத்தாய் பேசும்போதும் யோசிக்கும்போதும் அது பாட்டுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இங்கிலீஷும் அந்த விரல் வழியாகத்தான் ஏறியது. செல்போனில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்: வெயிட் வந்தால் பின்னாலேயே ஃபார் வரவேண்டும், லிசன் வந்தால் டு, அக்ரி வந்தால் வித். மற்றவர்கள் நோட்டில் எழுதுவார்கள். வேலுத்தாய் அச்சுக் கோணிப்போய்க் கழித்துப்போட்ட காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். மேல்பெட்டியின் முதுகில் 'ஐ வில் வெயிட்'. அடிப்பெட்டியின் உள்ளே 'ஃபார்', அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'காத்திருப்பேன்'. முதுகைப் படித்துவிட்டுக் கண்ணை மூடி யோசிப்பார், பெட்டியைத் திறந்து சரிபார்ப்பார். இப்படி நாற்பது பெட்டி. "மேல்பெட்டி மட்டும் வச்சு என்ன செய்ய, குச்சி பூரா கீழ கொட்டிரும்லா" என்பது அவருடைய இலக்கணம்.

எல்லாமே ஏன் 'வில்' என்று பக்கத்து இருக்கை செல்வமாரி ஒருநாள் கேட்டாள். "இதுவரைக்கும் நான் செஞ்சதத்தான் ஊரே பாத்தாச்சே. இனிமே செய்யப்போறதத்தான் ஏட்டி சொல்லணும்."

கணவர் சோலைராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பாவம். ஞாயிற்றுக்கிழமை காபி கேட்டால் "ஐ வில் திங்க் அபவுட் இட்" என்று பதில் வருகிறது. "எனக்குக் காபி வேணும், அபவுட் வேண்டாம்" என்று அவரும் அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். இப்போது தானே போட்டுக்கொள்கிறார். போடும்போது வேலுத்தாய்க்கும் ஒரு டம்ளர் சேர்த்துப் போடுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை கூத்துக்கும் பின்னால் ஒரு முள் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சரக்கு எடுக்கிற ஒரு அம்மா கென்யாவிலிருந்து ஆபீஸைப் பார்க்க வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் வேலுத்தாய் முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து, ஏதோ கேட்டார். வேலுத்தாய் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, பலமாகத் தலையை ஆட்டினார். அந்த அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். "என்ன கேட்டாவளோ, நான் பாட்டுக்குச் சரின்னு தலைய ஆட்டிட்டேன். எதுக்கு ஒத்துக்கிட்டேன்னே தெரியலையே" என்று ஆறு வருஷமாகப் புலம்பல். கேள்வியின் வார்த்தைகள் பிடிபடவில்லை, ராகம் மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. மனுஷி முகம் பார்த்துக் கேட்டு, பதில் சொல்ல முடியாமல் போனது அவருக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

போன மாதம் முதலாளி நந்தகோபால் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார், "வெள்ளிக்கிழமை அந்தக் கென்யாக்கார அம்மா திரும்ப வாராக. ஏற்றுமதிப் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும். அவிய கேக்கதுக்கு யாரு பதில் சொல்லுதாங்களோ, அவங்களுக்குத்தான்." வேலுத்தாயின் பெருவிரல் அன்று முழுக்கப் பறந்தது.

புதன்கிழமை விழுந்தது இடி. வேலுத்தாய் சாப்பிடப் போயிருந்த நேரம், காலிப் பெட்டி தீர்ந்துபோன செல்வமாரி, ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள். உள்ளே பெட்டிகள். நல்ல பிள்ளை, வேகமான கை. முதுகில் இருந்த எழுத்தைக்கூடக் கவனிக்காமல் நாற்பதிலும் குச்சி அடைத்து, பாக்கெட் போட்டு, உள்ளூர் வண்டியிலும் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்த வேலுத்தாய் வெறும் பையைப் பார்த்தார், செல்வமாரியைப் பார்த்தார். "ஏட்டி, என் நாக்கையில்லா பாக்கெட் போட்டுட்ட" என்றார். அதற்கு மேல் வையவும் முடியவில்லை, அந்தப் பிள்ளை அழுகிற மாதிரி நின்றது.

வியாழன் சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகக் கடைத்தெருவுக்கு வேட்டைக்குப் போனார். முதலில் டீக்கடை. மாஸ்டர் சுடலைமாடன் பாய்லருக்கு நெற்றியில் திருநீறு பூசி, அதன் பக்கத்தில் பெட்டியை வைத்திருந்தார். "எக்கா, உன் எழுத்தா இது? காலையில இருந்து இதத்தான் சொல்லுதேன். ஐ வில் லுக் ஆஃப்டர் த பாய்லர். நல்லாக் கொதிக்கி." பெட்டியைக் கேட்டால், "வேற நாலு தாரேன், இதத் தரமாட்டேன்."

பெட்டிக்கடை சாமித்துரை அண்ணாச்சி சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். "ஐ வில் அக்ரி வித் யூன்னு வீட்டுல ஒரு தடவை சொன்னேன் தாயி. மத்தியானம் சோத்துக்குள்ள முட்டை இருந்துச்சு. இதப் போய்க் கேக்கியே." பூக்கடை பானுவுக்குக் கிடைத்தது லிசன் பெட்டி. "எங்க அத்தை பேச ஆரம்பிச்சா இதத் தெறந்து பாத்துக்கிடுவேன்க்கா. ஐ வில் லிசன் டு யூ. அவிய பேசி முடிக்கதுக்குள்ள நாலு முழம் கட்டிருதேன்." அவளும் கொடுக்கவில்லை, தலைக்கு ஒரு முழம் பிச்சி வைத்து அனுப்பினாள். நாற்பதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வேலுத்தாய்க்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது, கடைசியில் பஸ் வருகிறவரை சிரித்துக்கொண்டே நின்றார்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தார். தலையில் மஞ்சள் துணியைப் பெரிதாகச் சுற்றியிருந்தார், முதலாளி பின்னாலேயே வந்தார். வரிசையில் ஒவ்வொருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. வேலுத்தாய் முன்னால் வந்ததும் அவர் நின்று, முகத்தைப் பார்த்து, ஏதோ கேட்டார்.

அதே ராகம். அதே வேகம். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. நாற்பது பெட்டி படித்தும் இந்தக் கதியா? தலை வேறு ஆடப்பார்த்தது, வேலுத்தாய் பல்லைக் கடித்து நிறுத்தினார். "ஐ வில் லிசன்..." என்று தொடங்கிவிட்டார். அதற்குப் பின்னால்? பூக்கடை ஞாபகத்துக்கு வந்தது, பானு வந்தாள், அவள் அத்தையும் வந்தாள். பெருவிரல் காற்றைத் தள்ளியது. "டு யூ. ஸ்லோ, மேடம்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார்: "யுவர். நேம்?"

வேலுத்தாய் வாயைப் பிளந்தார். "அட கடவுளே, பேரு என்னன்னு கேட்டதுக்கா தலைய ஆட்டுனேன்" என்று தமிழில் முதலாளியிடம் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆறு வருஷத்துச் சிரிப்பு, நிற்க மாட்டேன் என்றது. என்னவென்று தெரியாமலே அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலுத்தாய் தன் பெயரைச் சொன்னார். அந்த அம்மா இரண்டு தடவை முயன்றார், பாதியிலேயே நாக்கு நின்றுவிட்டது.

வேலுத்தாய் முன்னால் கிடந்த குவியலிலிருந்து ஒரு மேல்பெட்டியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "வேலு." குச்சி நிறைந்த அடிப்பெட்டியை அதன் வாயில் பொருத்தி, பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். "தாய்." பிறகு பெட்டியைப் பிரித்து, இரண்டையும் அந்த அம்மாவின் கையில் கொடுத்து, அவருடைய பெருவிரலைப் பிடித்து அடிப்பெட்டியின் விளிம்பில் வைத்தார்.