லாவுக்கும் ராவுக்கும் நடுவில் டெல்மோ

உலகத்தில் இதுவரை விடப்பட்ட பெருமூச்சுகளில் பாதி டெல்மோ விட்டது. கணவாய்க்கு மேலே மேகம் சேர்வதே அதனால்தான் என்று பக்கத்து ரொட்டிக்கடை இர்மா சத்தியம் செய்வாள். மலையேற்றச் சாமான் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களின் காலணியைத்தான் முதலில் பார்ப்பார். அடுத்தது பெருமூச்சு. முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸிலேயே நாலு இத்தாலிய வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ‘ச்சே நேவே?’ என்றால் மேலே பனி கிடக்கிறதா என்று கேள்வி. டெல்மோவின் மனநிலைக்கு அதில் முதல் சொல்லே போதும். வடக்குச் சரிவில் இறுகிக் கிடக்கிறது, கம்பியைப் பிடித்து நடங்கள் என்று மூச்சுவிடாமல் விளக்குவார். அவர்கள் அழகாகச் சிரித்து, நன்றி சொல்லி, கேட்டதையே மறுபடி கேட்பார்கள்.

“கேள்வியை மட்டும் படிச்சிட்டு வந்துடறாங்க. பதிலைப் படிச்சிட்டு ஒருத்தன் வரட்டும், கடையையே எழுதிக் குடுத்துடறேன்” என்பார். ஹை ஹீல்ஸோடு வந்த ஒருத்திக்குத் தன் மனைவியின் பூட்ஸை மாட்டி அனுப்பியவரும் அவர்தான். அதை நினைவுபடுத்தினால் வைவார்.

இர்மாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தைவிட பஸ் நிறுத்தம்தான் பிடிக்கும். அங்கே ஓசியில் இத்தாலியன் சொல்லிக் கொடுப்பாள். பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களுக்கு ராம்போனி என்று பெயர். லாம்போனி என்றால் ராஸ்பெர்ரிப் பழம். அன்று காலை வந்திறங்கிய வயதான தம்பதிக்கு அவள் கற்றுக்கொடுத்தது லாம்போனி. டெல்மோவின் முகம் போகும் போக்கைப் பார்க்க வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

“மேலே போக லாம்போனி வேணுமா?” அந்தம்மா எழுத்தெழுத்தாகக் கேட்டாள்.

“மே மாசத்துல அந்தப் பழம் ஏதும்மா? வேண்டாம், வேண்டாம்.” கையை வேறு ஆட்டினார்.

‘வேண்டாம்’ மட்டும் அவர்களுக்குப் புரிந்தது. ஒரு பதிலாவது புரிந்த சந்தோஷத்தில், வெறும் பூட்ஸோடு வடக்குச் சரிவுப் பாதையில் கைகோத்துக் கிளம்பிவிட்டார்கள்.

இர்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. புல்வெளி தாண்டினால் பனிக்கட்டி. அதற்குக் கீழே பள்ளம். டெல்மோ அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். ஓசைப்படாமல் உள்ளே நுழைந்து, சுவரில் தொங்கிய ராம்போனிகளில் இரண்டு ஜோடியை உருவினாள்.

“அந்தம்மாவுக்குச் சின்னக் காலு, மகராசி. கீழ்த்தட்டுல இருக்கறத எடு,” என்றார் டெல்மோ, தன் பூட்ஸின் நாடாவை இறுக்கிக்கொண்டே. “முன்னால ஓடு, நான் பின்னாலயே வரேன். இந்தத் தடவையாவது ‘ரா’ன்னு சொல்லிக் குடு.”